கிரீட் தீவின் வசந்தம்: ஏப்ரலில் போகலாமா, எதைப் பார்க்க வேண்டும்?

செங்கோட்டை சாரல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் செங்கோட்டையில், ஆரியங்காவுக் கணவாய்க்குக் கிழக்கே குடியிருப்பவர்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் 2027 ஏப்ரல் பிற்பாதியில் விடுப்பு எடுத்து, எங்கள் இருவரையும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறாள். ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தங்கலாம். கடற்கரையில் பொழுதைக் கழிப்பதில் எங்களுக்கு நாட்டம் இல்லை. செடிகொடிகளையும் பறவைகளையும் மலையையும் பார்க்கவே போகிறோம்.

முதல் ஐயம் காலத்தைப் பற்றியது. இங்கே ஏப்ரலில் மலைச்சரிவின் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். ஜூனில் கணவாய் வழியே சாரல் இறங்கிய பிறகுதான் கண்ணுக்குப் பச்சை தென்படும். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் கிரீட்டுக்கும் ஜூன், ஜூலைதான் ஏற்ற மாதங்கள் என்கிறார். மகளோ வசந்தத்தில் போகாவிட்டால் போகவே வேண்டாம் என்கிறாள். அடுத்து, சமாரியா பள்ளத்தாக்கில் நடப்பதை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நன்றாக நடப்பார், இறக்கத்தில்தான் சிரமப்படுவார். உணவைப் பொறுத்தவரை நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குற்றாலத்தையும் பாலருவியையும் தென்மலைக் காட்டையும் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்தத் தீவின் இயற்கையில் புதிதாக என்ன இருக்கும்? அங்கே வாழ்ந்தவர்களோ போய்வந்தவர்களோ விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

கம்பம் பள்ளத்தாக்கு பதிலளிக்கிறார்:

வணக்கம் அம்மா. நான் பணி நிமித்தமாகக் கிரேக்கத்தில் சில ஆண்டுகள் இருந்தவன். கிரீட்டின் மேற்குப் பகுதியில் பல வசந்தங்களில் நடந்திருக்கிறேன். உங்கள் மகள் சொல்வதே சரி. ஜூன், ஜூலை என்பது கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கான கணக்கு.

அங்கே மழை குளிர்காலத்துக்கு உரியது. நமக்கு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நாட்களையொட்டித்தான் அங்கும் முதல் மழை விழுகிறது. அது மார்ச் வரை விட்டுவிட்டுப் பெய்து, உயர்ந்த மலைகளில் பனியாகத் தங்கி, ஏப்ரலில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூறல்கூட அரிது. ஆகவே அந்நிலத்துச் செடிகளுக்குக் கோடைதான் உறங்கும் காலம். மண்ணில் ஈரமும் வானில் வெயிலும் ஒன்றாகக் கிடைக்கிற சில வாரங்களுக்குள் அவை பூத்து, காய்த்து, விதை சிந்தி முடித்தாக வேண்டும். ஜூலையில் போகிறவர் பார்ப்பது பழுப்பேறிய குன்றுகளையும் நீலக் கடலையும்தான். ஏப்ரலில் கடலோர ஊர்களில் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியிருக்கும். இரவில் கம்பளி தேவைப்படும்.

தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளமுடையது. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் 12 கிலோமீட்டர்தான். அவ்வளவு குறுகிய நிலத்தில் வெண்மலைகள், ப்சிலோரிட்டிஸ், தீக்தி என்று மூன்று பெரிய மலைத்தொகுதிகள் எழுந்து நிற்கின்றன. முதல் இரண்டின் உச்சிகளும் 2450 மீட்டரைத் தாண்டுகின்றன. மழைக்காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்கு மலைகள் நன்றாக நனைகின்றன. கிழக்குக் கடலோரமோ ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரும் காணாமல் வறள்கிறது. மலை ஒரு பக்கத்துக்கு மழையைக் கொடுத்து மறுபக்கத்துக்கு மறுப்பது என்ன என்பதைச் செங்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இருக்கிற நாட்களுக்கு மேற்குப் பாதி போதும். கிழக்கை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். வசந்தம் அங்கே மலையேறுகிறது. மாசி, பங்குனியில் கடலோரம் பூக்கும். சித்திரையில் 500 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரையுள்ள சரிவுகளும் மேட்டுச் சமவெளிகளும் பூக்கும். வைகாசியில் பனி உருகிய உயரங்கள் பூக்கும். ஏப்ரல் பிற்பாதியில் போகிற நீங்கள் நடுவுயரத்தில் தங்கினால், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு பருவங்களைப் பார்த்துவிடலாம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்டைத் தேடிப் போகாதீர்கள் என்பதே என் பதில். தென்மலையின் அடர்த்தியை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், முட்புதரும் சுண்ணாம்புப் பாறையும் ஒலிவத் தோப்பும் மட்டுமே கண்ணில் பட்டு, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றிவிடும். அங்கே பார்க்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. ஃபிரிகனா என்று அவர்கள் சொல்லும் குட்டையான முட்புதர் நிலத்தில் சாலையோரமாக நின்று, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உற்றுப் பாருங்கள். 1700க்கும் மேற்பட்ட செடியினங்கள் அந்தத் தீவில் வளர்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக ஆடு மேய்கிற நிலம் அது. அதனால் சரிவில் எஞ்சியவை முள்ளாலோ கசப்பாலோ காரமான எண்ணெயாலோ தம்மைக் காத்துக்கொண்ட செடிகள். ஆட்டுக்குப் பிடித்த மென்மையான செடிகள் எட்டாத பாறைச்சுவர்களில் தஞ்சம் புகுந்துவிட்டன. நம் ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்த செடி ஒன்றும் அங்கே உண்டு.

ஆர்க்கிட் மலர்களை நீங்கள் மரக்கிளையில் தேடிப் பழகியிருப்பீர்கள். நம் மலைகளில் பெரும்பாலானவை மரத்தைப் பற்றி வளர்பவை. கிரீட்டில் எல்லாமே தரையில் முளைப்பவை. கோடை முழுவதும் கிழங்காக மண்ணுக்குள் கிடந்து, முதல் மழையில் இலை விட்டு, மார்ச், ஏப்ரலில் சாண் உயரத் தண்டில் பூக்கின்றன. காந்தள் கிழங்கு மழைக்குக் காத்திருந்து முளைப்பதை அறிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கைமுறை புரியும். ஸ்பிலி என்னும் மலையூருக்கு அருகில், யூஸ் காம்போஸ் என்ற மேட்டுச் சமவெளியில் இவற்றின் பல இனங்கள் ஒரே சரிவில் பூக்கும். அதே சமவெளியின் வயல்களில் பயிருக்கு நடுவே செந்நிறக் காட்டு டூலிப் பூக்கள் விரிந்திருக்கும். அந்த இனம் கிரீட்டுக்கே உரியது. தோட்டத்து டூலிப்பை மட்டும் படத்தில் பார்த்தவர்கள் இந்தச் சிறு காட்டுப் பூவைப் பார்த்தே ஆக வேண்டும்.

டிராகன் ஆரம் என்றொரு செடியும் அங்கே உண்டு. கருஞ்சிவப்பு மடல் விரித்து, அழுகிய இறைச்சியின் நாற்றத்தால் ஈக்களை அழைக்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் சேனை பூத்தால் என்ன நாற்றமோ அதேதான். இரண்டும் ஒரே குடும்பம். ஏப்ரல் இறுதியில் ஓடைக்கரைகளிலும் கல்வேலி ஓரங்களிலும் பார்க்கலாம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற அந்தப் பூவின் முன் சற்று நேரம் நின்று, ஈக்கள் எப்படி உள்ளே இறங்குகின்றன என்று கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்பிலியிலிருந்து தெற்கே கூர்தாலியோட்டிகோ என்ற ஆழமான மலையிடுக்கு வழியாக இறங்கினால், அது கடலைத் தொடும் இடத்தில் பிரெவெலியின் பேரீச்சந்தோப்பு இருக்கிறது. அது அரேபியப் பேரீச்சையின் தோட்டம் அன்று. தியோஃபிராஸ்டஸ் என்ற பண்டைக் கிரேக்கத் தாவர அறிஞரின் பெயரைத் தாங்கிய காட்டினம். நம் சரிவுகளில் வளரும் சிற்றீச்சமும் இதுவும் நெருங்கிய உறவினர். 2010 ஆகஸ்டில் அந்தத் தோப்பு தீயில் கருகியது. ஆனாலும் அடிமரங்கள் மீண்டும் துளிர்த்துத் தோப்பு மறுபடி பசுமையாகிவிட்டது. மேலேயுள்ள வண்டி நிறுத்தத்திலிருந்தே முழுத் தோப்பும் தெரியும். கடற்கரைக்கு இறங்கும் படிப்பாதை உங்கள் கணவருக்கு வேண்டாம்.

ஒலிவத் தோப்புகளுக்கு அடியில் மஞ்சள் விரிப்பாகப் பூத்துக் கிடக்கும் புளியாரைச் செடியைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்து படம் எடுக்கிறார்கள். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய அயல்செடி. நம் காட்டோரங்களை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டதைப் பார்த்து வருந்தியவர்கள் அந்த மஞ்சளை வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

சமாரியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓமாலோஸ் சமவெளியின் விளிம்பில், ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் தொடங்கி லிபியக் கடல் வரை சுமார் 16 கிலோமீட்டர் இறங்க வேண்டும். பாதை முழுவதும் கல். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தவிர, அந்தப் பாதை வழக்கமாக மே முதல் நாள்தான் திறக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக ஓமாலோஸ் சமவெளிக்கே போங்கள். 1000 மீட்டருக்குச் சற்று மேலே, சுற்றிலும் மலை சூழ்ந்த தட்டையான நிலம்; இளஞ்சிவப்புக் காட்டு டூலிப் அங்கே ஏப்ரலில் பூக்கும்; வெண்மலைகளின் பனி எதிரே தெரியும். பள்ளத்தாக்கின் தலைவாயிலில் நின்று கீழே பார்த்துவிட்டும் திரும்பலாம்.

சூளூர்பேட்டை நாரை பதிலளிக்கிறார்:

மேலே ஐயா சொன்னதில் செடிகள் நிறைவாக வந்துவிட்டன. நான் பறவைகளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வளர்ந்தவன் நான். வலசை வருகிற பறவைகளை இந்த முனையில் பார்த்துப் பழகியவர்களுக்குக் கிரீட் அந்தப் பயணத்தின் வேறொரு முனையைக் காட்டுகிறது.

ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பறவைகள், லிபியக் கரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் கடலைக் கடந்தவுடன் காணும் முதல் பெருநிலம் கிரீட்தான். மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை அவை வந்து இறங்குகின்றன. எதிர்காற்றோ மழையோ இருந்த மறுநாள் காலையில், களைத்துப்போன பறவைகள் கடற்கரைப் புதர்களிலும் நீர்நிலைகளிலும் கூட்டமாகத் தங்கியிருக்கும். அத்தகைய நாளில் மலைக்குப் போகாமல் தண்ணீரைத் தேடிப் போங்கள். ஹனியா நகருக்குப் பக்கத்தில் உள்ள அயியா நீர்த்தேக்கம் சிறியது. கரையிலிருந்தே கொக்குகள், அரிவாள் மூக்கன்கள், நாணலுக்குள் ஒதுங்கும் சிறு கானாங்கோழிகள் ஆகியவற்றைப் பார்க்க முடியும், நடையும் அதிகமில்லை. மலையடியில் உள்ள கூர்னாஸ் ஏரியும் அருகில்தான்.

கொண்டலாத்தியை அங்கே பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நம் வயல்களில் நடக்கும் அதே இனம். பஞ்சுருட்டான்களும் ஏப்ரல் பிற்பாதியில் கூட்டங்கூட்டமாக ஒலியெழுப்பியபடி கடக்கும். அது நம் பச்சைப் பஞ்சுருட்டானைவிடப் பெரிய, பல வண்ணமுடைய இனம்.

ஆனால் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுவது பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு. நம் நாட்டில் கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து பிணத்தில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்ததால் அந்த இனமே சரிந்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தெற்கே இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வயநாட்டுப் பக்கத்திலும் போய்த்தான் அவற்றைத் தேட வேண்டியிருக்கிறது. கூர்தாலியோட்டிகோ இடுக்கில் சாலையோரமாக நின்று நிமிர்ந்தால், பாறைச்சுவரை ஒட்டிப் பாறுகள் வட்டமிடுவதைக் காணலாம். வெயில் ஏறி, பாறை சூடாகி, காற்று மேலெழும்பத் தொடங்கும் முற்பகல் நேரம் ஏற்றது. தாடிப் பாறு என்னும் அரிய இனமும் தீவில் உண்டு. கிரேக்க நாட்டில் அது இன்று கூடு கட்டுவது கிரீட்டில் மட்டுமே. பெரிய எலும்புகளை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்து, உள்ளிருக்கும் மஜ்ஜையை உண்ணும் பறவை. ஓமாலோஸ் பக்கம் போகும்போது வானத்தை மறந்துவிடாதீர்கள்.

இருநோக்கி ஒன்று கையில் இருக்கட்டும்.

மார்த்தாண்டம் தேன்கூடு பதிலளிக்கிறார்:

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் குடும்பமாகத் தேனீ வளர்ப்பவர்கள். தை, மாசியில் எங்கள் பெட்டிகளைக் கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்போம். அங்கே தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக்காம்பின் நுனியில் சுரப்பது. கிரீட்டிலும் தேனீ வளர்ப்பவர்கள் பூக்கும் பருவத்தைத் தொடர்ந்து பெட்டிகளை இடம் மாற்றுகிறார்கள். ஏப்ரலில் மலைச்சாலை ஓரங்களில் வரிசையாகப் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். கூட்டம் பெருகும் காலம் என்பதால் அவற்றின் வாயிலுக்கு நேரே போய் நிற்க வேண்டாம். புகழ்பெற்ற தைம் தேன் ஜூன், ஜூலையில் பூக்கும் செடியிலிருந்து கிடைப்பது. ஆகவே ஏப்ரலில் நீங்கள் வாங்குவது முந்தைய ஆண்டின் தேனாகத்தான் இருக்கும். அதில் குறையொன்றும் இல்லை.

ஐயா சொன்ன ஆர்க்கிட்களில் ஆஃப்ரிஸ் என்ற வகையைத் தேனீக்காரனின் கண்ணோடு பார்க்கச் சொல்வேன். அந்தப் பூவில் ஒரு துளித் தேனும் கிடையாது. அதன் கீழ் இதழ், மென்மயிரோடும் பளபளப்போடும் ஒரு பெண் தேனீயின் உடலை ஒத்திருக்கிறது. பெண் தேனீயின் மணத்தை ஒத்த மணத்தையும் பூ வெளியிடுகிறது. கூட்டமாக வாழாத தனித் தேனீக்களின் ஆண்கள் அதைத் துணை என்று எண்ணி வந்து பற்ற, மகரந்தப் பொதி அவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்ச் சேருகிறது. பெட்டித் தேனீக்கள் இதில் சிக்குவதில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு செடியின் அருகில் பொறுமையாக அமர்ந்தால் இது நிகழ்வதைக் காணும் வாய்ப்பு உண்டு.

ஹெராக்லியோன் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போக நேர்ந்தால், மாலியா என்னும் இடத்தில் கிடைத்த தங்கப் பதக்கத்தைத் தவறவிடாதீர்கள். ஒரு துளியை இரு பக்கமும் பிடித்து நிற்கும் இரண்டு தேனீக்கள். ஏறத்தாழ 3700 ஆண்டுகளுக்கு முந்தைய வேலைப்பாடு. குளவிகள் என்று கருதுவோரும் இருக்கிறார்கள். எனக்கு அவை தேனீக்கள்தான்.

உணவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நம் பக்கத்தில் 2027 ஈஸ்டர் மார்ச் 28. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கோ அது மே 2. ஆகவே ஏப்ரல் முழுவதும் அங்கே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள். நோன்பு இருப்பவர்கள் இறைச்சி, மீன், பால், முட்டை எதையும் தொடுவதில்லை என்பதால், உணவுக்கடைகளில் பருப்பு, பெரிய வெள்ளை அவரை, அரிசி பொதிந்த திராட்சை இலை, அவித்த காட்டுக்கீரையில் ஒலிவ எண்ணெயும் எலுமிச்சையும் விட்டது என்று பலவும் கிடைக்கும். நோன்பு உணவு வேண்டும் என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கடலில் பிடிக்கும் கணவாயையும் இறாலையும் அவர்கள் நோன்பில் விலக்குவதில்லை. அவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

செங்கோட்டை சாரல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காட்டைத் தேடாமல் கல்லிடுக்கைப் பாருங்கள் என்று ஐயா சொன்னது எங்கள் திட்டத்தையே மாற்றிவிட்டது, சமாரியாவைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். இன்னும் சில கேள்விகள். மே 2 பண்டிகையை ஒட்டி அங்கே இருப்பது நல்லதா, அதற்கு முன் கிளம்பிவிட வேண்டுமா? தங்குமிடம் ஒன்று போதுமா? புதருக்குள் குனிந்து பார்க்கச் சொல்கிறீர்கள். பாம்பு பற்றிய அச்சம் எனக்கு உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கு:

அம்மா, பாம்பைப் பற்றி நிம்மதியாக இருக்கலாம். கிரீட்டில் பாம்புகள் உண்டு, ஆனால் மனிதருக்கு ஆபத்தான நச்சுப்பாம்பு கிடையாது. முள்தான் உண்மையான தொல்லை. கணுக்காலை மூடும் காலணியும் கெட்டித் துணியும் அணிந்துகொள்ளுங்கள். மே மாதம் நெருங்கும்போது ஒலிவ மரங்கள் பூக்கத் தொடங்கும். அந்த மகரந்தம் காற்றில் பறப்பது. உங்களில் யாருக்கேனும் இழுப்பு இருந்தால் மருந்தைக் கையோடு வைத்திருங்கள்.

தங்குமிடம் இரண்டாக இருக்கட்டும். முதலில் ஹனியா, அங்கிருந்து அயியா நீர்த்தேக்கமும் ஓமாலோஸும் ஒவ்வொரு நாளாகப் போய்வரலாம். பிறகு ஸ்பிலி; யூஸ் காம்போஸ், கூர்தாலியோட்டிகோ, பிரெவெலி மூன்றும் அங்கிருந்து சிறு தொலைவு. ஹனியாவிலிருந்து ரெதிம்னோவுக்கும் அங்கிருந்து ஸ்பிலிக்கும் பேருந்து உண்டு என்றாலும், நினைத்த இடத்தில் நிறுத்திப் பூவைப் பார்க்க வாடகைக் கார் தேவை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். மலைவளைவுகளில் ஆட்டுமந்தை குறுக்கே நிற்கும். மகள் அவசரமின்றி ஓட்டட்டும். ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தப் பயணம் பயனுடையதாகும். நோசோஸ் என்ற பண்டைய அரண்மனையையும் சேர்க்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்துவார்கள். நாட்கள் மிஞ்சினால் பார்க்கலாம்.

பெரிய வெள்ளி ஏப்ரல் 30. அந்த வாரக் கடைசியில் தீவுக்காரர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குத் திரும்புவதால் கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைப்பது கடினம், பல கடைகளும் மூடியிருக்கும். மலையூர்களில் ஈஸ்டர் நள்ளிரவு வழிபாடு மிக அழகானது. ஆனால் நீங்கள் பூவைப் பார்க்கப் போகிறீர்கள். 28ஆம் தேதிக்குள் கிளம்பிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஆர்க்கிட் கிழங்கைத் தோண்டி எடுத்துவர வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; எல்லா ஆர்க்கிட்களும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் காப்பில் உள்ளவை, விமான நிலையத்தில் பிடிபடும். படம் எடுக்கக் குனியும்போது கால் வைக்கும் இடத்தில் இன்னும் மொட்டு விடாத செடிகள் இருக்கக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூஸ் காம்போஸில் டூலிப் பூக்கும் வயல்கள் உழவர்களுடையவை. வேலிக்கதவு சாத்தியிருந்தால், திறந்து நுழைந்த பிறகு மறக்காமல் திரும்பச் சாத்திவிடுங்கள். உள்ளே ஆடு போனால் அந்த ஆண்டின் பூ முடிந்தது.